பொட்டுக்கு அடியில்

பட்டாபிராமில் ரயில் ஏறி எதிரில் உட்கார்ந்த பெண்ணின் கைக்குழந்தையிடம் வசம்பு மை வாசனை அடித்தது. கன்னத்தில் பெரிய கருப்புப் பொட்டு. வியர்வையில் மை கசிந்து, அடியில் சிவப்பாக உப்பிய கட்டி தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் துப்பட்டாவால் மூடிவிட்டாள்.

என் சின்ன வயதில், அம்பத்தூர் வீட்டில் அம்மா காலையில் வசம்பை விளக்கில் சுட்டு, விளக்கெண்ணெயில் குழைப்பாள். தங்கையின் கன்னத்தில் இலந்தைப்பழம் போல் சிவந்திருந்த கட்டியின் மேல் அதைப் பூசிவிடுவாள். திருஷ்டிப் பொட்டை யார் கேள்வி கேட்பார்கள்? அத்தைக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் வாய் சும்மா இருக்காது.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போவாதேன்னேன், கேட்டியா?"

அம்மா மையை இன்னும் அழுத்திக் குழைப்பாள். "ரத்தக்குழாய்க் கட்டிதான், கொஞ்ச நாள் வளரும், அப்புறம் தானா அடங்கிடும்" என்று டாக்டர் சொன்னதைக்கூட அவள் நம்பவில்லை. ஆனால் கட்டி வெளுத்து அமுங்க அமுங்கப் பொட்டும் சிறுத்தது. தங்கை பள்ளிக்கூடம் போனபோது அது கடுகளவு இருந்தது.

"என் தங்கச்சிக்கும் இதே மாதிரி இருந்திச்சிம்மா. தானா போயிடுச்சி" என்றேன்.

"நெஜமாவாக்கா? டாக்டரும் அதான் சொல்றாரு. எங்க ஊட்லதான் யாரும் நம்ப மாட்டேன்றாங்க. அவங்களுக்கு எந்தக் கன்னத்துல?"

வாயைத் திறந்தேன். வலதா, இடதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"மறந்தே போச்சும்மா."

அவள் சிரித்துவிட்டாள். துப்பட்டாவை விலக்கினாள்.