சூடான டயரை மட்டுமே தொட்டவன்

அக்டோபர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை, டயர் விசாரிக்கிறார்கள். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், வாங்கி வைக்கும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "விண்டர் டயர் போட்டாச்சா?" என்கிறார். பல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு கருவிகளை உள்ளே விட்டபிறகு இதே கேள்வியைக் கேட்டார். நம் பக்கத்தில் "சாப்ட்டாச்சா" என்று கேட்பதைப் போலத்தான் இது. "ஆச்சு" என்பதைத் தவிர வேறு பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் அது தெரியாமல், "போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு நாளாகப் பட்டினி என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வடக்கு ஒன்டாரியோவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஓர் ஆலையில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். கார் வேண்டியது என் மனைவி மஞ்சுளாவுக்குத்தான். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஷிப்ட். வழியில் ஏரியை ஒட்டி ஒரு நீண்ட இறக்கம், கீழே வளைவு. வந்த முதல் பனிக்காலத்தில் எங்களிடம் கார் இல்லை, அவள் சக ஊழியரின் வண்டியில் போய்வந்தாள். வசந்தத்தில்தான் பழைய கார் ஒன்றை வாங்கினோம். அதில் கிடந்தவை 'ஆல் சீசன்' டயர்கள், அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவை. ஏறக்குறையப் புதியவை. பனிக்கென்றே செய்யப்படும் விண்டர் டயர் இந்த மாகாணத்தில் சட்டப்படி கட்டாயமும் இல்லை. பிறகு எதற்கு என்பது என் கட்சி.

இந்தக் கட்சியை நான் வெறும் வாயால் நடத்தவில்லை. ஓசூருக்கு வெளியே ஒரு டயர் ஆலையில் ஒன்பது வருடம் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். வார்ப்பச்சிலிருந்து இறங்கி வரும் டயரை விளக்கடியில் சுழற்றி, உள்ளே கைவிட்டுத் தடவி, எங்காவது ஒரு கொப்புளம், ஒரு மடிப்பு இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணைவிடக் கைக்குத்தான் அந்த வேலை. எனக்கு எதிர் மேசையில் நின்றவன் முனிராஜ், அஞ்செட்டிக்காரன். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். ஷிப்ட் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுகூட சாலையோரம் நிற்கும் லாரிகளின் டயர்களைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு வருவோம். அந்தப் பழக்கம் இங்கேயும் போகவில்லை. மஞ்சுளா வாகன நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு படிப்பே முடித்திருக்கலாம்.

குளிர் விஷயத்திலும் எனக்குத் தலைக்கனம் உண்டு. ஓசூர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. மார்கழிக் காலையில் தளிப் பக்கம் பேசினால் வாயிலிருந்து புகை வரும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஜினியர்கள் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, அரைக்கைச் சட்டையில் நின்று சிரித்திருக்கிறோம். கனடாவுக்குப் போகிறேன் என்றதும் ஊரில் பலர் குளிரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். "நமக்கென்னங்க, பழகுன குளிர்தானே" என்று அவர்களிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

ஆல் சீசன் என்ற சொல்லே எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் ஓசூர் கர்நாடக எல்லையில் இருக்கிறது. காலையில் ஓசூரில் டீ குடித்துவிட்டு எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். கெலமங்கலத்தில் பிறந்த மஞ்சுளா தன் அக்காவிடம் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், என்னிடம் தமிழும் பேசுவாள். கோபம் வந்தால் மூன்றில் எது முதலில் வருகிறதோ அது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் எங்கே போட்டாலும் ஓடுவான் என்பது என் எண்ணம். டயரைப் பற்றிப் பேசும்போது பாதி என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா அதிகம் வாதாடவில்லை. "எங்க ஹோம்ல எல்லாரும் போட்டுட்டாங்கங்க. நாம மட்டும் என்னாத்துக்கு போடாம இருக்கணும்?" என்றாள் ஒருநாள். டயர்ப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் ஆழம், ரப்பரின் வயது என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். "சரிங்க" என்று எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தச் சரி என்னை உறுத்தியது. அதனால் ஒரு சமரசத் திட்டத்தோடு டயர் கடைக்குப் போனேன். முன்சக்கரங்கள்தானே வண்டியை இழுக்கின்றன, முன்னால் இரண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதும். நம் ஊரில் யார்தான் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார்கள்?

கடைக்காரர் ரே அறுபதைத் தொட்டவர், கையெல்லாம் ரப்பர்க் கருப்பு. இரண்டு டயர் என்றதும் முடியாது என்று தலையை ஆட்டினார். "நான்கு. இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். முன்னால் பிடித்து, பின்னால் பிடிக்காவிட்டால் வண்டி திரும்பி நின்றுவிடும்" என்றார். நான்கு விற்கப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். என்னிடம் வசதியில்லை என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் சில இருக்கின்றன, பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் டயர் ஆலையில் பரிசோதகனாக இருந்தவன் என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வேலைக்கான விண்ணப்பப் படிவம். "நவம்பரில் எங்களுக்கு ஆள் போதாது. பேனா வேண்டுமா?" என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டயர் வாங்காமல் வீடு திரும்பினேன்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் பனி வந்து தங்கிவிட்டது. மஞ்சுளா வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பத் தொடங்கினாள். கேட்டதற்கு, "காலைல வேல ஜாஸ்திங்க" என்றாள். மாலையிலும் தாமதமாக வந்தாள். அவளுடைய இல்லத்தில் ஆள் பற்றாக்குறை என்று நானே முடிவு செய்துகொண்டு, அவர்களைத் திட்டிக்கொண்டே சமையலைப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டக், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு மாலை வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "உன் மனைவி புத்திசாலி" என்றார். "ஏரி இறக்கம் வேண்டாம் என்று பழைய ரயில் பாதைப் பக்கமாகச் சுற்றிப் போகிறாள். எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று தினமும் பார்க்கிறேன். அரைமணி நேரம் கூடுதல், ஆனால் சமதளம்." எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அவள் வந்து கோட்டைக் கழற்றும்வரை பொறுத்திருந்து கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "போன வாரம் அந்த எறக்கத்துல பிரேக் போட்டேங்க. புடிக்கல. வண்டி அப்படியே சுத்தி, வந்த பக்கமாவே திரும்பிருச்சு. ஓரத்துல இருந்த பனி மேட்டுல மோதி நின்னுச்சு. எதுர யாரும் வரல. ஒண்ணும் ஆவல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒரு மணி நேரம் டயரப் பத்திப் பேசுவீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அதில்லைங்க. இந்த ஊருக்கு வந்து எல்லாத்தயும் நீங்க புதுசா கத்துக்கிட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு இங்க இருக்கறது இந்த டயர் ஒண்ணுதான். அதுவும் உங்களுக்குத் தெரியலன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

எதிரே ஒரு லாரி வந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. என் பெருமை குறையக்கூடாது என்று ஒருத்தி ஒரு வாரமாக விடியும் முன்பே எழுந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அடுப்படியில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வண்டியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை முனிராஜுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம், ஷிப்ட் முடிந்து ஆலைக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தான். மஞ்சுளா விஷயத்தைச் சொன்னேன். அப்போதும் விடாமல், டயரில் ஒரு குறையும் இல்லை, நானே பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவன் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாம ரெண்டு பேரும் எத்தன டயரத் தொட்டிருப்போம்?" என்றான்.

"அதுக்கு ஏது கணக்கு?"

"அதுல ஒண்ணாச்சும் ஜில்லுனு இருந்துச்சாடா?"

நான் யோசித்தேன். ஒன்றுகூட இல்லை. எங்களிடம் வந்த டயரெல்லாம் அச்சிலிருந்து நேராக வந்தவை. கையுறையைத் தாண்டிச் சுடும். சித்திரை மாதத்தில் அந்தப் பிரிவில் நிற்பதே ஒரு தண்டனை. குளிரில் ரப்பர் இறுகும் என்று படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என் கை அதை ஒருபோதும் அறிந்ததில்லை. போனை வைத்துவிட்டு வெளியே போனேன். மைனஸ் பதினெட்டு. கையுறையைக் கழற்றி, நின்றிருந்த காரின் முன்டயரைத் தொட்டேன். காய் நறுக்கும் பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பார்த்தேன், அசையவே இல்லை. நகம்தான் வலித்தது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மஞ்சுளா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, தோற்றதை ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை இருவருமாக, சமதளத் தெருக்களிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு ரேயின் கடைக்குப் போனோம். படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டாயா என்று கேட்டார் அவர். இல்லை, நான்கு டயர் வேண்டும் என்றேன். காரணம் எதுவும் கேட்காமல் கொல்லைக்கு அழைத்துப்போனார். வெட்டவெளியில் பனிக்கு நடுவே அடுக்கியிருந்த விண்டர் டயர் ஒன்றை அழுத்திப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் விரலுக்கு இணங்கிக் கொடுத்தது. மே மாதத்தில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இதை ஓட்டினால் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும். அங்கே எங்கள் கைக்கு வந்திருந்தால் முனிராஜும் நானும் இதைக் கழித்துத்தான் போட்டிருப்போம். இங்கே இதுதான் சரியான டயர். மஞ்சுளாவும் குனிந்து ஒருமுறை அழுத்திப் பார்த்து, "மெத்து மெத்துனு இருக்குதுங்க" என்றாள்.

கழற்றிய நான்கையும் வீட்டில் எங்கே வைப்பது என்று கவலைப்பட்டேன். கடையின் மாடியிலேயே வைத்துக்கொள்வார்களாம். ரே என்னை மேலே கூட்டிப்போனார். நீளமான மரத்தட்டுகளில் ஊரின் கோடை முழுவதும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு டயரிலும் மஞ்சள் கிரேயானால் அந்தந்தக் குடும்பத்தின் பெயர். எங்களுடையதில் அவர் எழுதியிருந்தது மாதப்பன்.

அது என் பெயர் அல்ல, அப்பாவின் பெயர். நமக்கு முதலெழுத்தாக முன்னால் நிற்கும் தகப்பன் பெயரை இங்கே குடும்பப் பெயராக்கிப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். மருத்துவமனையில் "மிஸ்டர் மாதப்பன்" என்று கூப்பிடும்போது அப்பா எங்கே இங்கே வந்தார் என்று இன்னமும் ஒரு கணம் தேடுகிறேன். அவர் ஜவளகிரிக்குப் பக்கத்தில் ராகி விதைக்கிறவர். பஸ்ஸைத் தவிர வேறு வண்டியில் விருப்பமாக ஏறியவரில்லை. ஒன்பது வருடத்தில் என் கையைத் தாண்டிப் போன டயர்களில் எதிலும் எங்கள் வீட்டுப் பெயர் இருந்ததில்லை. அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். காட்டிலிருந்து யானை இறங்குவதற்குள் ராகியை அறுத்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். நான் டயர் விஷயத்தைச் சொன்னேன்.

"டயர்ல எம்பேரா? எதுக்குப்பா?"

"வேற யாரும் எடுத்துக்கக் கூடாதுல்லப்பா, அதுக்குத்தான். ஏப்ரல் வரைக்கும் இங்கயே இருக்கும். அப்பறம் எடுத்து வண்டியில மாட்டுவாங்க."

"மாட்டிக்கிட்டு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் என்றதும், அதோடு நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று அவர் நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். "மாட்டிக்கிட்டு இங்கதாம்பா ஓட்டுவோம்" என்றேன்.

பின்னால் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "அப்படின்னா பேர நல்லா தெரியற மாதிரி எழுதச் சொல்லு" என்றார்.

ரேயிடம் கிரேயானைக் கேட்டு வாங்கினேன். நான்கு டயரிலும் ஆங்கில எழுத்துக்குக் கீழே தமிழில் மாதப்பன் என்று அழுத்தி எழுதினேன். "இது என்ன பெயர்?" என்று கேட்டார் ரே. அதே பெயர்தான் என்றேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுத்து வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வைத்தார்.