மேலே மூன்று வரி மட்டும்

1. கேட்டுக்கு வெளியே நின்றவள்

மதியச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைச் சத்தம் போட்டு ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் போடுவதில் எனக்குக் குறைவே கிடையாது. ரிட்டயர் ஆன பிறகும் வீட்டுக்காரர், "இது உன்ற கிளாஸ் இல்ல அம்மணி, மெதுவாப் பேசு" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

கேட்டுக்கு வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி டெய்லருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷனுடன் திருப்பூர் வந்தவள். அவளுடைய ஒரே மகள் இசக்கிப்பிரியா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

"டீச்சர், டி.சி. வாங்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஏனுங்க, என்னாச்சு? ஊட்டை மாத்தறீங்களா?"

"இல்ல டீச்சர். தீபாவளிக்கு ஊருக்குப் போகையில பிள்ளைய அங்கனயே விட்டுட்டு வந்துருவோம்னு அவுக சொல்லுதாக. அவளுக்குப் படிப்பு ஏறல. நாங்க ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வர எட்டரை ஆயிருது. ஊர்ல அவுக அக்கா இருக்காக. ட்யூசன் வச்சுப் படிக்க வைப்பாகளாம்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "எனக்கு மனசே இல்ல டீச்சர். பிள்ளை என்னைய விட்டு ஒரு நாள் இருந்ததில்ல. அவகிட்ட இன்னும் சொல்லக்கூட இல்ல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இசக்கிப்பிரியாவுக்குப் படிப்பு ஏறலையா? நல்லாச் சொன்னீங்க போங்க! என்ற கிளாஸை நடத்தறதே அவதானுங்க!"

பொய் இல்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். நான் ஒரு வரி படிப்பேன், முப்பத்து நான்கு பிள்ளைகளும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். ரோட்டோரப் பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள்கூட, "மூணாம் கிளாஸ் படிக்க ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்குத் தொண்டை கட்டினால் முன்னால் நிறுத்திச் சொல்ல வைப்பது இசக்கிப்பிரியாவைத்தான். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கணீரென்று சொல்வாள்.

"வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்கா டீச்சர்" என்றாள் செல்வி.

"தினமும் கால்மணி நேரம் பக்கத்துல உக்காந்து படிக்கச் சொல்லுங்க. எங்கெங்க தப்பு வருதோ அங்கெல்லாம் குறிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்குது. அதுக்குள்ள அவ படிக்கறதை உங்க ஊட்டுக்காரர் காதுல கேக்க வெக்கறேன். அதுவரைக்கும் டி.சி. பேச்சை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

வாய்க் கொழுப்பு என்பது இதுதான். பிள்ளையை ஒரு தடவைகூடத் தனியாக உட்கார வைத்துப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தேன்.

2. சிவப்பு அம்புகள்

பத்து நாள் கழித்து செல்வி தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தால், பக்கம் பூராவும் சிவப்பு அம்பு. தப்பாகப் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஸ்டிக்கர். பனியனில் எப்படி ஒட்டுவாளோ அதே மாதிரி, அம்பு முனை சரியாகச் சொல்லில் படும்படி வரிசையாக ஒட்டியிருந்தாள்.

இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு அக்கறையான அம்மாவை நான் பார்த்ததே இல்லை. உடனே புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினேன். "பாருங்க, அம்மான்னா இப்படி இருக்கோணும். உங்க அம்மாகிட்டயும் சொல்லி இதே மாதிரி குறிச்சுட்டு வாங்க" என்றேன். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அய்யோ, எவ்வளவு தப்பு!" என்றான். இசக்கிப்பிரியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த நாள் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல் கேட்கவில்லை. முன்னால் வரச் சொன்னேன், வயிறு வலிக்கிறது என்றாள். மறுநாளும் வயிற்று வலி. அதற்கடுத்த நாள் புத்தகமே இல்லை. எங்கே என்று அதட்டினால் தொலைந்துவிட்டது என்றாள்.

சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு செல்வி வந்தாள். அன்றைக்கு எங்களுக்கும் பள்ளி இருந்தது. கையில் அந்தப் புத்தகம்.

"எங்க கெடந்துச்சு தெரியுமா டீச்சர்? பனியன் வேஸ்ட்டு அடைச்ச தலையணைக்குள்ள. தையலைப் பிரிச்சு உள்ள திணிச்சு வச்சிருக்கா. தலை வைக்கையில கடுக்குனு குத்துச்சு, பாத்தா இது. அவுகளுக்குத் தெரிஞ்சா தீபாவளி வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாக."

3. செல்வி கேட்ட கேள்வி

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு என் மேஜையில் இருவரும் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். "இத்தனை தப்பு எப்படி வருது? கிளாஸ்ல ஒரு தப்பு வராதே" என்றேன்.

செல்வி பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நாள் முழுக்கக் குறை தேடிப் பழகிய கண்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர், தப்பா நினைக்கக் கூடாது. எல்லாப் பாடத்துலயும் மேல மூணு வரி சுத்தமா இருக்கு, பாருங்க. ஒரு ஸ்டிக்கர் கிடையாது. அதுக்குக் கீழதான் பூராவும் ஒட்டியிருக்கேன். அது ஏன்?"

பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு பாடமும் அப்படித்தான் இருந்தது.

"கம்பெனியில ஒரே மாதிரி ஃபால்ட்டு, ஒரே இடத்துல, பீஸுக்குப் பீஸ் வந்துச்சுன்னா நாங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே இருக்க மாட்டோம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு மெஷினைப் பாக்கச் சொல்லுவோம். நான் கூறு கெட்டவ, ஒட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

மெஷின் யார் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அப்படி ஒரு எண்ணமும் இல்லை. எனக்குத்தான் முகம் செத்துப்போய்விட்டது. ஏனென்றால் அந்த மூன்று வரி எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று வரி. ஒவ்வொரு புதுப் பாடத்தையும் மேலிருந்து ஆரம்பித்து, திருப்பித் திருப்பிச் சொல்ல வைப்பேன். மூன்று வரி முடிவதற்குள் மணி அடித்துவிடும். மறுநாள் மறுபடியும் மேலிருந்து.

இசக்கிப்பிரியாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது வரியின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "கண்ணு, இது என்ன?" என்றேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. முதல் வரியின் ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்ததும் நிறுத்திச் சரியாகச் சொன்னாள். அப்படி வந்தால்தான் அவளுக்கு அந்தச் சொல் கிடைத்தது. ஆறாவது வரியில் விரல் வைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுத்துகள் அவளுக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் அவசியமே வரவில்லை. காதால் கேட்டதை வாயால் சொன்னாள். நான் அதைப் படிப்பு என்று நினைத்தேன். திங்கட்கிழமை மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே கதைதான். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படிக் கத்த வைத்தே அனுப்பினேனோ என்று பாத்ரூமுக்குள் போய் நின்று அழுதேன்.

4. கிராம்பு வைத்தியம்

சேர்ந்து சொல்வதை அன்றோடு நிறுத்தினேன். பேக்கரிக்காரர், "என்னங்க டீச்சர், பசங்களுக்கு லீவா?" என்று கேட்டார்.

தினமும் காலையில் இசக்கிப்பிரியாவை அருகில் உட்கார வைத்து, ஏதாவது பேசச் சொல்வேன். அவள் சொல்வதை அவள் பேச்சிலேயே ஒரு தாளில் எழுதுவேன். முதல் நாள் அவள் சொன்னது: "எங்க அம்மா கம்பெனியில பெரிய ஃபேன் இருக்கு. எங்க வீட்டு ஃபேன் டக்கு டக்குனு சத்தம் போடும்." இலக்கணம் பார்க்காமல் அப்படியே எழுதினேன். அவள் சொன்னது என்பதால் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப் போடுவேன். அவள் தேடி எடுத்து அடுக்க வேண்டும். இப்போது மேலிருந்து ஓட்டிக்கொண்டு வர முடியாது, சொல்லைப் பார்த்தே ஆக வேண்டும். தடுமாறும் எழுத்தை அந்தச் சொல்லை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். பிறகு அதே சொற்கள் வரும் வேறு வரிகளை நானாக எழுதிக் கொடுத்தேன்.

இதில் பெரிய பாடு எனக்குத்தான். பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் இரண்டு நொடிக்குள் என் வாய் அதைச் சொல்லிவிடும். அதனால் அவள் படிக்கும்போது ஒரு கிராம்பை வாயில் போட்டு அடக்கிக்கொள்வேன். கிராம்பு காரம் ஏற ஏற, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருந்தால் பாதித் தப்பை அவளே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்வதைப் பார்த்தேன். இது தெரிய எனக்கு இருபத்தாறு வருஷம் ஆனது.

செல்வியிடம், "இனி ஒரு ஸ்டிக்கரும் வேண்டாமுங்க. அவ படிச்சா, அப்பறம் என்னாச்சுன்னு மட்டும் கேளுங்க" என்றேன். சமைத்துக்கொண்டே கேட்பாளாம்.

எல்லாம் நேராக நடந்ததாக நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் முந்தின நாள் படித்த சொல்லையே தெரியாது என்றாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "மண்டையில என்னதான் வெச்சிருக்கே!" என்று கத்திவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் அவள் என் மேஜைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் நானே அவள் பெஞ்சுக்குப் போய், "தப்பு என்ற மேலதான் கண்ணு, வா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

5. மாடசாமி கொண்டுவந்த லெட்டர்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் அப்பா மாடசாமி வந்தார். ஓவர்லாக் டெய்லர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்த தாள் ஒன்றைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார்.

"டி.சி.க்கு லெட்டர் டீச்சர். கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லி அடிச்சு வாங்கினேன். நீங்க பாடுபடுதீகன்னு செல்வி சொன்னா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். கம்பெனியில எந்தத் தாளை நீட்டுனாலும் கையெழுத்துப் போட்டுருவேன், அதுல என்ன இருக்குன்னு தெரியாது. என் பிள்ளையும் அப்படி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் மனசைக் கல்லாக்கிட்டு அனுப்புதேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. "உக்காருங்க" என்று நாற்காலி எடுக்கப் பக்கத்து வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால், அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடிவந்த இசக்கிப்பிரியா மேஜையில் சாய்ந்துகொண்டு, பிரித்துக் கிடந்த லெட்டரில் விரலை வைத்திருந்தாள்.

"எ... என்... மகள்..." என்று ஆரம்பித்தாள்.

மாடசாமி தாளை எடுக்கக் கையை நீட்டினார். நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன். சரியா தப்பா என்று யோசிக்க நேரம் இல்லை.

"என் மகள் இசக்கிப்பிரியா... தங்கள் பள்ளியில்... மூன்றாம் வகுப்பு..." தன் பெயரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டாள். அடுத்த வரியில் வேகம் குறைந்தது. "அவளைப்... பார்த்து... பார்த்துக்கொள்ள... ஆள் இல்லாத... தால்..." நின்றாள். திரும்பப் போய் மறுபடி படித்தாள். "ஊரில்... அத்தை வீட்டில்... விட... இருக்கி... இருக்கிறோம்."

விரல் அங்கேயே நின்றது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னையவாப்பா?"

மாடசாமி நம்ப முடியாமல் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உனக்கு யாருட்டி சொன்னா? அம்மையா?" என்றார்.

"யாரும் சொல்லல. இதுல எழுதியிருக்குல்லா!" என்றாள். அதைச் சொல்லி முடித்ததும் உதடு பிதுங்கி, ஓவென்று அழுதாள். "நான் போக மாட்டேன். அம்மாகிட்டதான் இருப்பேன்" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மாடசாமி தாளைக் கையில் எடுத்தார். அவள் விரல் நின்ற வரியைக் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் ஒரு வருஷம் கூட்டினாலும் இவ்வளவு கூட்ட மாட்டேன் டீச்சர்" என்றார். "லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு வந்துருவா."

புதிதாக வந்திருக்கும் டீச்சர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிள்ளை சத்தமாகச் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். தாளில் இருப்பது அதன் முகத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

அன்றைக்கு ஒரு பிள்ளை என் கண்முன்னால் தேம்பித் தேம்பி அழுதது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு டீச்சர் இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதில்லை.