செருப்பு விலையும் பஞ்சப்படியும்

நேற்று ஆரப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடையைத் தாண்டும்போது, டேப்லெட்டும் கையுமாக ஒரு பெண், "இந்தச் செருப்பு இப்ப என்ன விலைண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் குப்பென்று ரப்பர் வாசனை அடித்தது. கடையிலிருந்து இல்லை, என் மண்டைக்குள்ளிருந்து!

நானும் அந்தத் தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தவன்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் முட்டிபோட்டேன். மாதம் தவறாமல் நோட்டோடு ஒரு சார் வந்து, அதே கறுப்புச் செருப்பின் விலையைக் கேட்டு எழுதிப் போவார். ஒரு ஜோடிகூட வாங்கமாட்டார். சர்க்கார் ஆள் சும்மாவா கேட்பார், வரி போடத்தான் என்று முடிவுகட்டி, மாதாமாதம் பழைய விலையையே சொன்னேன். என்ன மூளை!

என் தங்கை புருஷன் மில் தொழிலாளி. மகளைக் காலேஜில் சேர்க்கப் பஞ்சப்படி உயர்வைத்தான் நம்பியிருந்தார். விலைவாசிப் புள்ளி ஏறினால்தான் படி ஏறும். அந்தத் தடவை ஏறவில்லை. கடைக்கு வந்து புலம்பினார். ஊருக்குள் சில கடைகளில் விலை விசாரித்துத்தான் புள்ளி போடுகிறார்களாம்.

"எந்தப் பயலோ கொறைச்சுச் சொல்லிருக்கான் மச்சான். கையில கிடைச்சா இருக்கு அவனுக்கு."

அந்தப் பயல் ஓடிப்போய் அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தான்.

அடுத்த மாதம் சார் வந்ததும் மூன்று மடங்கு விலை சொன்னேன். என் மருமகள் காலேஜ் போயாக வேண்டுமே! சார் பேனாவை மூடினார்.

"ஏண்ணே, இதப் போட்டா பறக்கலாமா?"

எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். வரிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். கணக்கில் அரிசிக்குத்தான் கனம் அதிகம், செருப்புக்குக் கடுகளவுதான் என்று விளக்கிவிட்டு, நிஜ விலையை எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை புள்ளி ஏறியது. மில் வாசலுக்கே ஓடினேன், ஏதோ நானே தோளில் தூக்கி ஏற்றியது போல. "அரிசி ஏறுனதுக்கு ஏறிருக்கு. நீ எதுக்கு மச்சான் காலரத் தூக்கி விட்டுக்குற?" என்றார். மருமகள் காலேஜில் சேர்ந்தாள்.

அந்த மில் இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். தங்கை புருஷன் திருமங்கலத்தில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். பஞ்சப்படி என்ற பேச்சே கிடையாது. நேற்று போனில் அவரிடம், இப்போதெல்லாம் புள்ளி ஏறுகிறதா என்று கேட்டேன்.

"அது ஏறிக்கிட்டுத்தான் இருக்கு மச்சான். எஞ் சம்பளத்துக்குத்தான் யாரும் சொல்லல."