அஞ்சலாட்சிக்கு எதிராக நான் எழுதிய பேச்சு

செவ்வாய்க்கிழமை காலை மீன் கொண்டுவந்த பெண் கூடையை இறக்காமலே சொன்னாள்: "சார், நம்ம அஞ்சலாட்சி அக்கா செத்துப் பூடுச்சி." வைத்திக்குப்பத்துக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முப்பது ஆண்டு மீன் விற்றவர். ஒருமுறை வார்டுத் தேர்தலில் நின்று தோற்றவர். அந்தத் தோல்வியில் என் கை இருந்தது உங்களுக்குத் தெரியாது.

எதிர்த்து நின்றவர் என் பழைய மாணவர். "திட்டாம, லாஜிக்கா ஒரு பேச்சு எழுதிக் குடுங்க சார்" என்றார். வகுப்பில் தர்க்கம் நடத்தியவனுக்கு அந்த ஒரு சொல் போதும். எழுதினேன்: வார்டு வேலை முழுவதும் காகிதத்தில் நடக்கிறது. படிக்கத் தெரியாதவரால் காகித வேலை செய்ய முடியாது. அஞ்சலாட்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அவரால் வார்டு வேலை செய்ய முடியாது. எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்கு எழுத வராது, "துடுப்புப் பிடிக்கத் தெரியாதவரிடம் படகைக் கொடுப்பீர்களா?" என்றும் சேர்த்தேன். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்டேன். அந்த வரிக்கு எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது.

தோற்ற மறுவாரம் அஞ்சலாட்சி வழக்கம்போல மீனோடு வந்தார். சங்கரா மீனை அரிந்துகொண்டே, "ஏன் வாத்தியாரே, அந்தப் பேச்சு நீ எழுதுனதுதான?" என்றார். ஆமாம் என்றேன்.

"நீ டியூசன் எடுக்கறத வாசல்ல குந்திக்கினு எத்தினி வருசம் கேட்டிருக்கேன்! கோத்தது நல்லாத்தான் கோத்திருக்க. மொத வரிதான் பொய்யி. தெருக் கொழாய்க்கு மனு எழுதனது யாரு?"

"நான்தான்."

"அந்தக் காயிதம் நாலு மாசம் ஆபீசுல தூங்குச்சி. நான் போயி வாசல்ல குந்துனப்புறந்தான தண்ணி வந்துச்சி? வேல காயிதத்துலயா நடந்துச்சி?"

அது எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் என் குற்றம். அடுத்த வரிகள் ஒழுங்காக நின்றால் முதல் வரியை யாரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஓட்டு எண்ணியாச்சி. இப்ப சொன்னா உன் பேருதான் நாறும். மீன் நாத்தமே போதும், உடு" என்று சிரித்தார். விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று எந்த மேடைப் பேச்சைக் கேட்டாலும் முடிவுக்குப் போகாமல் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். அந்தப் பழக்கம் அவர் தந்தது, வைத்துக்கொள்கிறேன். எனக்காக அவர் காத்த மௌனத்தை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அந்தப் பேச்சை எழுதியவன் நான். உங்களுக்காக உழைக்கத் தெரிந்த ஒருவரை, தெரியாதவர் என்று உங்களையே நம்பவைத்தேன்.