மேடையில் மட்டும் என்னோடு பேசிய தங்கம் அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் எனக்குப் போன் வந்திருப்பதாகப் பியூன் வந்து சொன்னார். எடுத்தேன். மறுமுனையில் சண்முகம் அண்ணாச்சி.

"பத்மா, அக்கா போயிட்டாம்மா. காலைல ஆறேகாலுக்கு. நீ மெதுவா வா, பஸ்ஸுக்கு ஓடாத."

மனைவியை இழந்து ஐந்து மணி நேரம்கூட ஆகாத மனிதர், நான் ஓடி விழுந்துவிடுவேனோ என்று கவலைப்பட்டார். போனை வைத்ததும் எங்கள் செக்‌ஷன் ஆபீசர், "கோயி அப்னா தா?" என்று கேட்டார். நம்மவர்தான் என்று தலையாட்டினேன். என்ன உறவு என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தில்லியில் தமிழ் நாடகம் பார்த்தவர்களுக்குத் தங்கம் சண்முகத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா பாளையங்கோட்டைக்காரர். கல்யாணமாகிக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். முதலில் எங்கள் நாடகக் குழுவில் இருந்தது அண்ணாச்சிதான். போலீஸ்காரர், டாக்டர் என்று சின்னச் சின்ன வேடங்கள் அவருக்கு வரும். எழுபதுகளின் தொடக்கம் அது. அக்கா அவரோடு ஒத்திகைக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாடகத்தில் எழுபது வயது மாமியார் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் யாருக்கும் நரைத்த முடி வைத்துக்கொள்ள மனமில்லை. கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நா செய்யுதேன். ஒரு வாரம் மட்டும் டைம் தாங்க." அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அந்த ஒரு வாரமும் மார்க்கெட்டுக்கு வரும் ஒரு பஞ்சாபிக் கிழவியின் பின்னாலேயே நடந்திருக்கிறார். "மாதாஜி, ஆப் கே சாத் சலூங்?" என்று முதல் நாள் கேட்டாராம். கூட வரட்டுமா என்று கேட்டால், பை தூக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் காய்கறிப் பையைக் கையில் கொடுத்துவிட்டாள். ஏழு நாளும் அக்கா பையைத் தூக்கினார். நாடகத்தன்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் யோசித்து, பிறகு உட்கார்ந்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. இடைவேளையில் ஒரு பெரியவர் உள்ளே வந்து, "இந்தப் பாட்டியம்மாவ மெட்ராஸ்லேருந்தா கூட்டிண்டு வந்தேள்?" என்று கேட்டார்.

அந்த நாடகத்தோடு அண்ணாச்சி நடிப்பை விட்டுவிட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு நடிகர் போதும்" என்று சிரித்துக்கொண்டே திரை இழுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று கடைசி வரை நான் கண்டுபிடிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாடகங்களில் நான் அவருக்குத் தங்கையாக நடித்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் ஒத்திகைக்குப் போவோம். எனக்கு வசனம் மறந்துவிடுமோ என்று எப்போதும் பயம். "ஒப்பிக்காதட்டி. எதுக்க நிக்கவ சொல்லுதத காது குடுத்துக் கேளு. பதில் தன்னால வரும்" என்பார். வந்தது.

பிறகு சினிமா வந்தது. தில்லிக்குப் படப்பிடிப்புக்கு வந்த ஒரு டைரக்டர் எங்கள் நாடகத்தைப் பார்த்து, கதாநாயகனின் தாய் வேடத்துக்கு அக்காவை அழைத்தார். லீவு போட்டு மெட்ராஸ் போய் நடித்துவிட்டு வந்தார். படம் தில்லியில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக வந்தபோது கிட்வாய் நகரே திரண்டு போனது. திரையில் அக்காவின் முகம் வந்ததும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அக்கா வாய் திறந்தார். வந்த குரல் அவருடையது அல்ல. யாரோ ஒரு பெண் மெட்ராஸ் தமிழில் கீச்சென்று பேசினாள். விசில் நின்றுபோனது. மகனிடம் உண்மையைச் சொல்லும் பெரிய காட்சியைப் பற்றி எங்களிடம் ஆசையாகச் சொல்லியிருந்தார். அது படத்தில் இல்லவே இல்லை.

வெளியே வந்தபோது எல்லோரும், "பிரமாதம்" என்றார்கள். அக்கா எல்லோருக்கும் கைகூப்பினார். பஸ் ஸ்டாப்பில் என்னிடம் மட்டும் சொன்னார்: "என் வாயி அசையுது. ஆரோ பேசுதாளேட்டி."

அதே டைரக்டர் அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார். "மூஞ்சிய மட்டும் அனுப்ப நா என்ன போட்டோவா?" என்று மறுத்துவிட்டார்.

இனி எழுதப்போவது என் குழுவினருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு டைரக்டரிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. நான் குழுவின் செயலாளர் என்பதால் என் விலாசத்துக்கு வந்தது; பிரித்தேன். முக்கியமான வேடம். "உங்கள் குரலோடுதான் வேண்டும்" என்று எழுதியிருந்தார். ஒரு வாரத்துக்குள் பதில் போட்டு உடனே புறப்பட வேண்டும். எங்கள் ஆண்டு நாடகத்துக்கு இன்னும் பத்தே நாள். அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. அக்கா போய்விட்டால் நாடகம் இல்லை. நான் கடிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாடகம் முடிந்த மறுநாள்தான் கொடுத்தேன்.

படித்தார். உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். "எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். அன்றே பதில் எழுதினார். அந்த வேடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்படி ஒரு கடிதம் அவருக்கு மறுபடியும் வரவில்லை.

மூன்று மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. மேடையில் மட்டும் பேசினார். அந்த நாடகத்தை வேறு காலனிகளிலும் போட்டோம். "நீ இல்லாம எனக்கு ஆருடி இருக்கா?" என்று என் முகத்தைக் கையில் ஏந்திக்கொள்ளும் காட்சி அதில் உண்டு. ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்கும், என் கண்ணும் கலங்கும். திரை விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போய்விடுவார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "கோவம் போகலட்டி. போகவும் போகாது. ஆனா பஸ்ஸுல தனியா போக முடியல. கிளம்பு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டது. போன குளிர்காலத்து நாடகத்தில் நாற்காலியை விட்டு எழாமலே நடித்தார். கால் வீக்கத்தைப் புடவையால் மூடிக்கொண்டு, கையையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு நடித்தார். முடிந்ததும் அண்ணாச்சியும் நானும் அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி வெளியே கொண்டு வந்தோம்.

கடைசியாகச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "அடுத்த நாடகத்துல என் வேசத்துக்கு ஆரப் போடுதீங்க?" என்று கேட்டார்.

"யாரையும் போடலக்கா. நீங்க வருவீங்க."

"போடணும்ட்டி. புதுசா வாரவ மேல எரிஞ்சு விழாத."

அந்தக் கடிதத்தைப் பற்றி அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். நர்ஸ் வந்து, "டைம் ஹோ கயா" என்று வாசலைக் காட்டினாள். அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய் மதியம் கிட்வாய் நகர் வீட்டின் முன்னால் கூட்டம். ஷிப்ட் முடித்து நேராக வந்த ஆபரேட்டர் பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். அவர்களில் வயதான ஒரு சர்தார்னி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமலே எங்கள் எல்லா நாடகத்துக்கும் வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உஸ்கி ஆவாஜ் பேட்டி, உஸ்கி ஆவாஜ்" என்று அந்தக் குரலையே சொல்லிச் சொல்லி அழுதார்.

வண்டி புறப்பட்டது. அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். வண்டி முனையில் திரும்பி மறைந்தது. எல்லோரும் குளிக்கப் போனார்கள். வீட்டுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. நான் தெருவிலேயே நின்றேன்.

அக்கா, அந்தக் கடிதத்தை நான் பூட்டி வைத்திருக்கக் கூடாது. நீங்கள் இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். போய் வாருங்கள்.