நாலு விரல் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர், சூரத் என்று சுற்றினேன். கையில் ஒன்றுமில்லாமல் திண்டுக்கல்லுக்குத் திரும்பிய வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. கொசு ஒழிப்புக்குத் தினக்கூலியாக ஆள் எடுத்தார்கள். சேர்ந்துகொண்டேன்.

வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கவேண்டும். பலர் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போவார்கள். நடையைப் பார்த்து நாங்களே குறித்துக்கொள்வோம். அது லேசான வேலை. தொட்டியிலும் டிரம்மிலும் டார்ச் அடித்துப் பார்த்து, கொசுப்புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டவேண்டும். அதுதான் பெரும்பாடு. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் பாயில் கிடந்தார்கள். அந்த அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. வாசலில் ஒரு நீல டிரம். விளிம்புவரை தண்ணீர். மேலே பழைய வேட்டியைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தாள்.

“போன தடவ நீங்க சொன்ன மாதிரியே மூடிருக்கேன். பாத்துக்கங்க.”

அவிழ்த்தேன். வேட்டி நடுவில் தொய்ந்து தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஈரத்துணிமேல் கொசு உட்கார்ந்து முட்டையிட்டிருக்கிறது. அடியில் புழுக்கள் நெளிந்தன.

“கொட்டிருப்பா” என்றார் கூட வந்த சுகாதார ஆய்வாளர், பைக்கை விட்டு இறங்காமலேயே.

அக்கா இரண்டு முழங்கைகளையும் டிரம் வாயில் ஊன்றிக்கொண்டாள். “கொட்டுங்க. கொட்டிட்டு நாலு பேருக்கும் நீங்களே கஞ்சி காச்சிக் குடுத்துட்டுப் போங்க. குடமெல்லாம் காலி. இதத்தான் தொடாம வச்சிருந்தேன்.”

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “புழுவோட காச்சுக்கா. தொட்டுக்க வெஞ்சனச் செலவு மிச்சம்.”

“வாயக் குடுத்தது போதும். ரெண்டு குடத்தக் குடுடி.”

சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தாள்.

“வடிகட்டித் தாரேன் சார்” என்றேன். அவருக்கும் அன்றைக்கு ஏழெட்டு வீட்டில் சண்டை போட்ட அலுப்பு. “புழு இல்லாமப் போனாச் சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

காய்ந்த சேலை ஒன்றை நாலாக மடித்து, குடம் குடமாக வடித்தேன். அக்காவால் துணியைப் பிழிய முடியவில்லை. குடத்தின் வாயை மட்டும் பிடித்துக்கொண்டாள். முட்டை உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் டிரம்மைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்தேன். பிறகு தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம்.

“துணி தண்ணியத் தொடக்கூடாதுக்கா. இனிமே நாலு விரல் குறைச்சுப் புடிங்க.”

“அந்த நாலு விரல் எங்க வீட்டுக்கு ரெண்டு வேளைச் சோறு தம்பி” என்றாள்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது முந்தின வாரம்தான் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. டிரம்மில் சரியாக நாலு விரல் குறைவு. துணி விறைப்பாக, காய்ந்து இருந்தது. அக்கா மெதுவாக நடந்து வந்து என் முகத்தையே பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரம், மூடாமல். குறைத்த நாலு விரல் தண்ணீரும் அதில் நின்றது. டார்ச் அடித்தேன். நெளிந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். உள்ளே போய்ச் சேலையை எடுத்துவந்தாள். நான் மடித்தேன்.