ஆறு நாள் மழையும் என் மகளின் காதும்

என் மகளுக்கு உச்சந்தலையில் சூடு போட நாள் குறித்தாகிவிட்டது. முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இந்த இடத்திலிருந்துதான் நான் சொல்லத் தொடங்க வேண்டும். அறுபத்தொன்பதாம் வருஷம், தீபாவளி கழிந்த மறுநாள் அது. அடுத்த அமாவாசைக்குத் தென்னேரிப் பக்கம் ஒருவரிடம் பிள்ளையைக் கூட்டிப் போவது, அவர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓர் இழுப்பு இழுப்பார், பிள்ளையின் மந்தம் இறங்கிவிடும் என்று வீட்டில் முடிவாயிற்று. கனகவல்லிக்கு அப்போது ஏழு வயது.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக் கூடத்தில் மூன்று குழித்தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்காருவார். மற்ற இரண்டில் கூலிக்கு வருகிறவர்கள் நெய்வார்கள். அவருடைய அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளை எழுதப் போனால் இந்த இதழ் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். ஆனால் கனகாவின் மேல் அவர் வைத்திருந்த பாசத்தில் நான் ஒருநாளும் குறை கண்டதில்லை. சூடு போடலாம் என்று அவர் சொன்னதும் அந்தப் பாசத்தால்தான்.

கனகா மூன்று வயதுவரை மழலை பேசி ஓடியாடிய பிள்ளை. பிறகு அவளுக்குத் தட்டம்மை கண்டது. அது இறங்கும்போது இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றினோம். சீழ் நிற்பதும் வருவதுமாக இருந்தது. மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். சோறு இறங்காது. போகப்போகப் பேச்சு குழறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்கார வைத்தார்கள். கடைசியில் வாத்தியார் என் வீட்டுக்காரரை வரச்சொல்லி, பிள்ளைக்கு மந்தபுத்தி, படிப்பு ஏறாது, வீட்டு வேலை பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வல்லாரை லேகியம் கொடுத்தோம், நாக்கில் வசம்பு தேய்த்தோம், தாயத்துக் கட்டினோம், தர்காவில் ஓதிவிடச் சொன்னோம். யார் எதைச் சொன்னாலும் செய்தோம். பிள்ளைதான் பாவம், எல்லாக் கசப்பையும் விழுங்கிவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதில் எங்களுக்குப் புரியாத ஒன்று இருந்தது. வீட்டில் அவளை மந்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று தறியும் ஓடுகிற வீட்டில் சாதாரணமாகப் பேச முடியுமா? எதுவானாலும் ஆளைப் பார்த்துக் கத்த வேண்டும், கூடவே கையாலும் காட்ட வேண்டும். கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். விரலால் நூல் சுற்றுகிற மாதிரி காட்டினால் தார் தீர்ந்துவிட்டது, ஊடைக்கு நூல் சுற்றிய இன்னொரு தார்க்குச்சி கொண்டுவா என்று அர்த்தம். நான் காட்டிய கையை இறக்குவதற்குள் கனகா எடுத்து வந்துவிடுவாள்.

ஆனால் அமாவாசை வந்தால் பிள்ளை வேறு ஆளாகிவிடுவாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தறியைத் தொட மாட்டோம். முன்னோருக்குப் படையல் போட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருப்போம். அன்று கனகா கூப்பிட்டால் வர மாட்டாள், சொன்னதைச் செய்ய மாட்டாள், எங்களையே முறைத்துப் பார்ப்பாள். திடீரென்று அழுவாள். தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். மறுநாள் தறிச் சத்தம் கேட்டதும் பழையபடி ஆகிவிடுவாள். அமாவாசைக்குப் புத்தி கலங்குகிற மனிதர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இதுவும் அதுதான் என்று தெரு முழுக்கச் சொன்னது. எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. அண்ணி விசாரித்து விசாரித்துத்தான் அந்தத் தென்னேரிக்காரரைக் கண்டுபிடித்தார்.

"ஒரு நாள் வலி. அப்பால பொண்ணு நல்லாயிடும். ஆயுசுக்கும் மந்தமாவே இருந்தா யாரு கட்டிக்குவாங்க?" என்று கேட்டார் அண்ணி. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாவாடை இழுத்துக் கட்டத் தெரியாத பிள்ளை. அந்த உச்சந்தலையில் நானே எண்ணெய் தேய்த்து விடுவேன். அங்கே பழுக்கக் காய்ச்சிய கம்பி படுவதா?

மறுநாள் கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் விரதம் இருப்பது என்று முடிவு செய்தேன். குமரக்கோட்டம் முருகன் கோயிலுக்குப் போய்ச் சந்நிதியில் நின்றேன். அழகாக வேண்டிக்கொள்ள எனக்கு வராது. நான் சண்டைக்காரி, அவனிடமும் அப்படித்தான். "இந்தக் கம்பி இல்லாம என் பொண்ணுக்கு ஒரு வழிய காட்டு. நீ காட்டற வரைக்கும் நான் விடப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை நாங்கள் காணாததில்லை, ஆனால் அந்த வருஷம் விடவே இல்லை. தறிக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. நெய்கிறவர் கால் வைக்கும் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் எப்படி நெய்வது? மூன்று தறியும் நின்றுவிட்டன. கூலிக்காரர்கள் வீட்டோடு இருந்துகொண்டார்கள். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் குடித்துவிடுமோ என்று என் வீட்டுக்காரர் பரிதவித்தார்.

அதைவிடப் பெரிய இடி கனகா பக்கமிருந்து வந்தது. அமாவாசை போய்விட்டதே, பிள்ளை தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? தெளியவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே வெறித்த பார்வை, அதே அழுகை. நான்காம் நாள் தறியின் பலகையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமாவாசைக்கு மட்டும் ஏறியது இப்போது நிரந்தரமாகத் தங்கிவிட்டது, இனி அடுத்த அமாவாசைவரை காத்திருக்கக்கூடாது, மழை விட்டதும் கிளம்பிவிட வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பட்டினி கிடந்து வழி கேட்டால், மழையைக் கொட்டிப் பிழைப்பையும் நிறுத்தி, பிள்ளையின் நிலைமையையும் மோசமாக்கி, சூடு போடுகிற நாளையும் முன்னால் இழுத்து வைத்திருக்கிறான். இதற்குப் பெயர் அருளா? பூஜை மாடத்துக்கு எதிரில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். விளக்கை மட்டும் ஏற்றாமல் விடவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று, பகலில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. என் வீட்டுக்காரர் ஒரு குழியின் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, சாக்கைப் போட்டு உட்கார்ந்து, பாவு எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று ஊடை நூல் ஓட்டும் நாடாவை விட்டுப் பலகையை அடிக்கத் தொடங்கினார். பல நாள் கழித்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. அடுக்களை வாசலிலிருந்து அண்ணி, வழக்கம்போல் கத்தியபடி கையால் சோறு பிசைவதுபோல் காட்டி, தட்டு எடுத்து வரச்சொன்னார். கனகா துள்ளி எழுந்தாள். ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்து வந்து வரிசையாக வைத்தாள். முகத்தில் சிரிப்பு.

நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. வானத்தில் நிலவு எந்தக் கணக்கில் இருந்தால் என்ன, இந்த நொடியில் மாறியது தறி ஒன்றுதானே?

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன் அவரிடம்.

"இன்னாத்துக்கு?"

"நிறுத்துங்க, சொல்றேன்."

அவர் நிறுத்தினார். கூடம் அமைதியானது. எல்லோரும் பேசுகிற சாதாரணக் குரலில், கையை அசைக்காமல், "கனகா, பூ எடுத்துக்கினு வா" என்றேன். பிள்ளை என்னையே பார்த்தாள். அமாவாசையன்று பார்க்கிற அதே பார்வை. மறுபடியும் நெய்யச் சொன்னேன். சத்தத்துக்கு மேல் கத்தி, கையையும் காட்டினேன். பூக்கூடையோடு வந்து நின்றாள். அண்ணிக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளங்கவில்லை. விரதம் இருந்து எனக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளை சாப்பிட உட்கார்ந்ததும் அவளுக்குப் பின்னால் போய் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கல்தரையில் போட்டேன். அவர் குழியிலிருந்து எழுந்தே விட்டார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். கனகா தட்டில் இருந்த சோற்றை நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, புள்ளைக்குக் காது கேக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதோடு கம்பிப் பேச்சு நின்றது. ஊரெல்லாம் மந்தம் என்று சொன்ன பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. காதோரம் கத்தினால் ஏதோ கொஞ்சம் எட்டியிருக்கலாம், மீதியை எங்கள் வாயையும் கையையும் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். தறி நிற்கிற நாளில் நாங்கள் குரலைத் தாழ்த்திக் கையைக் கட்டிக்கொண்டு பேசுவோம். அன்றைக்கெல்லாம் நாங்கள் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டதுபோல் அவளுக்கு இருந்திருக்கும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் சொன்ன வாத்தியாரிடம் அவள் எப்படிப் படிப்பாள்? மழை வந்து தறிகளை நிறுத்தாமல் இருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. யாரைத் திட்டினேனோ அவன் அனுப்பிய பதில் அந்த மழைதான். அன்று மாலை நனைந்துகொண்டே குமரக்கோட்டம் போனேன். சந்நிதியில் நின்று அழுதேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்ததையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். காதின் ஜவ்வு கெட்டுப்போயிருக்கிறது, சீழை நிறுத்தலாம், போன கேட்கும் சக்தி முழுதாகத் திரும்பாது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். சளிக்கும் பசிக்கும் ஓரிக்கையில் இருந்த நாட்டு வைத்தியரிடமும் போனோம். அவர் நொச்சித் தழை ஆவியும் பத்தியச் சாப்பாடும் சொன்னார். முதலில் அவர் சொன்னது, "காதுல எண்ணெய் ஊத்தறத நிறுத்துங்கமா, அது வெளக்கு இல்ல" என்பதுதான். அந்த வருஷத்திலேயே காய்ச்சல் வருவது குறைந்து பிள்ளைக்கு உடம்பு பிடித்தது.

ஆஸ்பத்திரியில் விசாரித்து, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்தோம். மாதம் ஒருமுறை ரயிலில் போவோம். அவர் மாத்திரையும் தரவில்லை, மந்திரமும் ஓதவில்லை. கண்ணாடி முன்னால் பிள்ளையை உட்காரவைத்து, தன் தொண்டையில் அவள் கையை வைத்து 'ம' என்றார். அந்த அதிர்வைத் தொட்டதும் கனகாவின் கண் விரிந்தது. உதட்டுக்கு எதிரே காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்லவைத்தார். காகிதம் பறந்தால் சரி. இதையெல்லாம் வீட்டில் செய்யுங்கள், முகத்தைக் காட்டிப் பேசுங்கள், விளையாட்டுப்போல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவார்.

என் வீட்டுக்காரர் இதில் ஒரு படி மேலே போனார். அவர் தறியில் உட்காரும்போது கனகாவைக் குழியோரத்தில் வெறுங்காலோடு உட்காரவைப்பார். பலகை அடிக்கும்போது தரை அதிர்வது அவள் காலுக்குத் தெரியும். அடிக்கு ஓர் அசையாகச் சொல்லவைப்பார். அம்-மா. தண்-ணி. முரு-கா. முதலில் எல்லாம் ஒரே கூச்சலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பவர்களிடம் சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. அடுத்த வருஷக் கந்தசஷ்டிக்குள் தெருவில் இருக்கிறவர்களுக்கு அவள் பேச்சு புரியத் தொடங்கியது. வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னோம். நல்ல மனிதர், முன்வரிசையில் உட்காரவைத்து, அவள் பக்கம் திரும்பிப் பாடம் சொன்னார். கனகா எட்டாம் வகுப்புவரை படித்தாள்.

இன்றைக்கு அவளுக்குப் பதினேழு வயது. காது திரும்பி வரவில்லை. வரவேண்டும் என்று நான் இப்போது கேட்பதும் இல்லை. அவள் நெய்கிறாள், கதைப் புத்தகம் படிக்கிறாள், என்னோடு என்னைப் போலவே சண்டை போடுகிறாள். தெருவில் யாருக்கும் பயப்படமாட்டாள். அண்ணி அவளோடு பேசும்போது அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசுவார். வீடு நிறைவாக இருக்கிறது.

போன மாதம் ஒரு தாய் தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை மந்தமாக இருக்கிறது, பேச்சு வரவில்லை, உங்கள் பெண்ணுக்கு எங்கே சூடு போட்டு நல்லாயிற்று என்று விலாசம் கேட்டு வந்தாளாம். ஊர் அப்படிக் கதை கட்டியிருக்கிறது. அவள் என்னிடம் தன் துக்கத்தையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பிள்ளை அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தறியிலிருந்து கனகா எழுந்து வந்தாள். அந்தத் தாயின் மோவாயைப் பிடித்துப் பிள்ளையின் பக்கம் திருப்பினாள். ஏற்ற இறக்கம் இல்லாத தன் உரத்த குரலில் சொன்னாள்:

"இவளப் பாத்துப் பேசுமா. இவ கேட்டுக்கினுதான் இருக்கிறா."

அந்தத் தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அடுத்த வாரம் அவர்களோடு நாங்களும் பட்டணம் போகிறோம். அடியார்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கம்பியைத் தேடிப் போகாதீர்கள். முருகனிடம் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்தெருவில் கனகவல்லி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.